கப்பலைச் சுமந்தவர்கள்

எங்கள் அலுவலகத்தில் வருடம் ஒருமுறை ஊக்கப் பேச்சாளர் ஒருவரைக் கூட்டி வருவார்கள். இந்த முறை வந்தவர் நன்றாகவே பேசினார். நடுவில் திரையில் ஒரு படம் போட்டார்: கடற்கரை, கொழுந்துவிட்டு எரியும் பாய்மரக் கப்பல்கள், முன்னால் கவசம் அணிந்த ஒருவன். "1519-ல் கோர்த்தெஸ் என்ற ஸ்பானியத் தளபதி வெறும் ஐந்நூறு பேரோடு மெக்சிகோவில் இறங்கினான். இறங்கியதும் வந்த கப்பல்களுக்கே தீ வைத்தான். இனித் திரும்பிப் போக வழியில்லை. இரண்டே வருடத்தில் ஒரு பேரரசைச் சாய்த்தான். நீங்கள் உங்கள் கப்பலை எப்போது எரிக்கப் போகிறீர்கள்?" ஒரே கைதட்டல். அப்புறம் ஆளுக்கொரு மஞ்சள் தாளைக் கொடுத்து, அவரவர் எரிக்க வேண்டிய கப்பலை எழுதச் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் "வீட்டுக் கடன்" என்று எழுதி ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஒரு நகரத்தையே தரைமட்டமாக்கிய படையெடுப்பைக் காலாண்டு விற்பனை இலக்குக்கு உதாரணமாகச் சொல்லலாமா என்ற சங்கடம் இருக்கட்டும்; அதை விட்டுவிடுகிறேன். எனக்குள் நின்றது அந்த ஐந்நூறு என்ற கணக்கு. கோர்த்தெஸைத் தூற்றுகிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். "கைப்பிடி அளவு வெள்ளைக்காரன் வந்து லட்சக்கணக்கான மக்களை அடிமையாக்கினான்" என்று கோபப்படுகிறவரும், "ஐந்நூறு பேரை வைத்துக்கொண்டு சாதித்தான்" என்று வியக்கிறவரும் ஒரே கதையைத்தான் நம்புகிறார்கள். இரண்டு கதையிலும் செயல்படுகிறவன் ஸ்பானியன் ஒருவன்தான். அந்த மண்ணில் இருந்தவர்கள் திகைத்து நிற்கிறார்கள், இல்லாவிட்டால் செத்து விழுகிறார்கள். மெக்சிகோ படையெடுப்பைப் பற்றி அவ்வப்போது படித்து வைத்திருந்ததால், இது அப்படி நடக்கவில்லை என்று தெரியும். எப்படி நடந்தது என்று யாராவது கேட்டிருந்தால், தேநீர் இடைவேளைக்குள் சொல்லி முடிக்கத் தெரிந்திருக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எரியாத கப்பல்

முதலில் கப்பலை முடித்துவிடலாம். கோர்த்தெஸ் எதையும் எரிக்கவில்லை. 1519 பிப்ரவரியில் கியூபாவிலிருந்து 11 கப்பல்களில் புறப்பட்டபோதே அவர் பாதி ஓடிப்போனவர். அனுப்பிவைத்த கியூபா ஆளுநர் தியேகோ வெலாஸ்கெஸ் கடைசி நேரத்தில் சந்தேகப்பட்டு உத்தரவைத் திரும்பப் பெறப் பார்த்தார். அது கைக்கு வரும் முன்பே கோர்த்தெஸ் பாய் விரித்துவிட்டார். மெக்சிகோ கரையில் இறங்கியதும் ஒரு சட்டத் தந்திரம் செய்தார். வேரா குரூஸ் என்று ஒரு ஊரை நிறுவி, அதற்கு ஒரு நகரசபையையும் தன் ஆட்களை வைத்தே அமைத்து, அந்தச் சபை தன்னைத் தளபதியாக நியமிப்பதுபோல ஏற்பாடு செய்துகொண்டார். இனி அவர் வெலாஸ்கெஸின் ஆள் இல்லை, நேரடியாக மன்னருக்குக் கட்டுப்பட்டவர். மன்னரைச் சமாதானப்படுத்தப் பொன்னும் பரிசுமாக ஒரு கப்பலை ஸ்பெயினுக்கு அனுப்பினார். ஆக, திரும்பிப் போக வழியே இல்லை என்ற வசனத்துக்கு முன்பே ஒரு கப்பல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது!

படையில் வெலாஸ்கெஸுக்கு விசுவாசமானவர்கள் நிறையப் பேர். அவர்களில் சிலர் ஒரு கப்பலைக் கடத்திக்கொண்டு கியூபாவுக்குப் போய்ச் சொல்லத் திட்டம் போட்டார்கள். விஷயம் வெளியே வந்தது. இரண்டு பேரைத் தூக்கில் போட்டார் கோர்த்தெஸ். மிச்சக் கப்பல்கள் கடலுக்கு லாயக்கில்லை என்று காரணம் சொல்லிக் கரையில் ஏற்றி உடைத்தார். படையை உசுப்பிவிடுவதற்காகச் செய்த காரியம் இல்லை இது. தன் ஆட்களையே நம்ப முடியாத ஒருவர் கதவைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைத்ததுதான். கப்பலில் வந்த நூறு மாலுமிகளில் பலரும் காலாட்படைக்குக் கிடைத்தார்கள். அந்தப் படையில் இருந்து, வயதான காலத்தில் தன் நினைவுகளை எழுதிய பெர்னால் தியாஸ், நங்கூரம், வடம், பாய் என்று உதவக்கூடிய எல்லாவற்றையும் முதலில் கரைக்குக் கொண்டுவந்தார்கள் என்று சொல்கிறார். இந்தத் தட்டுமுட்டுச் சாமான்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஊக்கப் பேச்சாளர்கள் இவற்றைச் சொல்வதே இல்லை.

ஐந்நூறு பேர் கதைக்கும் மூலம் கோர்த்தெஸ்தான். மன்னர் ஐந்தாம் சார்லஸுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதங்கள் ஐரோப்பாவில் அச்சாகிப் பரவின. அவற்றைப் படிக்கிறவர் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: எழுதியவர் மேலதிகாரியின் உத்தரவை மீறியவர், தேசத்துரோகக் குற்றச்சாட்டு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற பயத்தில் இருந்தவர். அவருக்கு வெற்றி மட்டும் போதாது, அது தன்னால் மட்டுமே கிடைத்த வெற்றியாகவும் தெரிய வேண்டும். ஐந்நூறு ஆண்டுகளாக நாம் அவருடைய ஜாமீன் மனுவை வரலாறு என்று படித்துக்கொண்டிருக்கிறோம்.

உப்பில்லாத ஊர்

கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் வழியில் த்லாஸ்காலா இருந்தது. ஒரே நகரம் என்று நினைக்க வேண்டாம். டிசாட்லான், ஒகோடெலுல்கோ, கியாவிஸ்ட்லான், டெபெடிக்பாக் என்ற நான்கு தனித்தனி ஊரரசுகள் சேர்ந்த கூட்டணி அது. பேசிய மொழி நாவாட்ல், நாம் அஸ்டெக் என்று சொல்கிற மெக்சிகர்கள் பேசிய அதே மொழி. கடவுள்கள்கூடப் பெரும்பாலும் பொதுவானவர்கள். ஆனால் மெக்சிகர்கள் தங்கள் தலைநகரான டெனோச்டிட்லானிலிருந்து (இன்றைய மெக்சிகோ நகரம்) சுற்றுவட்டாரத்தை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தபோது, த்லாஸ்காலா மட்டும் விழாமல் நடுவில் தீவுபோல நின்றது. விலையாக வணிகத்தை இழந்தது. கடலுக்குப் போகும் பாதைகள் எல்லாம் எதிரிகள் கையில். பருத்தி வராது, உப்பு வராது. உப்பில்லாமல் சாப்பிடப் பழகிப்போன ஊர் என்று அந்தக் காலத்துப் பதிவுகள் சொல்கின்றன. அப்படி ஒரு தலைமுறைக்கு மேல் இருந்திருக்கிறார்கள். அதோடு அடிக்கடி போர்கள், பிடிபட்டவர்கள் டெனோச்டிட்லான் கோயிலில் பலி.

இவர்கள் கோர்த்தெஸைக் கண்டதும் காலில் விழுந்துவிடவில்லை. 1519 செப்டம்பரில் இரண்டு வாரத்துக்கும் மேலாக அவரோடு சண்டை போட்டார்கள். படையை நடத்தியவர் டிசாட்லான் தலைவரின் மகன், இளைய ஷிகோடென்காட்ல். ஸ்பானியர்களைத் துடைத்தெறியும் அளவுக்கு நெருங்கியும் வந்தார்கள். பிறகு நான்கு தலைவர்களும் கூடிப் பேசி, சண்டையை நிறுத்திவிட்டு விருந்தாளியாக ஊருக்குள் அழைத்தார்கள். ஏன் என்பதற்கு இரும்பு, குதிரை, பீரங்கி என்று வழக்கமான பதில் உண்டு. அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் நாற்பது, ஐம்பது வருடமாக முற்றுகையில் கிடக்கும் ஊரின் வாசலில், எதிரியின் பட்டியலில் இல்லாத ஒரு புதிய ஆயுதக் கும்பல் வந்து நின்றால், அதை அழிப்பதைவிடப் பயன்படுத்திக்கொள்வது நல்லது என்று தோன்றத்தானே செய்யும்? யார் யாரைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்ற கேள்விக்கு 1519-ல் பதில் தெளிவாக இல்லை. அடுத்த மாதமே பக்கத்து நகரமான சோலூலாவில் நடந்த படுகொலையில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். கத்தி வீசியதில் ஸ்பானியர்களும் இருந்தார்கள், சோலூலா மேல் பழைய பகை வைத்திருந்த த்லாஸ்காலாக்காரர்களும் இருந்தார்கள். அங்கே யார் திட்டம் நிறைவேறியது என்று இன்றும் வாதாடுகிறார்கள்.

டெனோச்டிட்லானுக்குள் நுழைந்தது, மெக்சிகர்களின் அரசர் மோக்டெசூமாவைச் சிறை வைத்தது எல்லாம் தெரிந்த கதை, அதைத் தாண்டுகிறேன். 1520-ல் கோர்த்தெஸைக் கைது செய்ய வெலாஸ்கெஸ் அனுப்பிய நர்வாயெஸின் படை வந்து சேர்ந்தது. அதைச் சமாளிக்கக் கோர்த்தெஸ் கரைக்கு ஓடினார். அந்த நேரத்தில் நகரத்தில் விட்டுப்போன துணைத் தளபதி அல்வராதோ, கோயில் முற்றத்தில் திருவிழாவுக்கு ஆடிக்கொண்டிருந்த பிரபுக்களை வெட்டிச் சாய்த்தார். நகரமே எழுந்தது. மோக்டெசூமா இறந்தார். ஜூன் 30 இரவு, ஏரி நடுவே போட்டிருந்த கரைச்சாலை வழியாக ஸ்பானியர்கள் தப்பியோடினார்கள். அந்த இரவில் 150 ஸ்பானியர்கள் செத்தார்கள் என்று மன்னருக்கு எழுதுகிறார் கோர்த்தெஸ். பெர்னால் தியாஸ் கணக்கில் அடுத்த சில நாட்களையும் சேர்த்து 850-க்கும் மேல். நான் ஜாமீன் மனு என்று சொன்னது இதைத்தான். இறந்த த்லாஸ்காலாக்காரர்கள் ஆயிரத்துக்கும் அதிகம் என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டையில்லை. அந்த எண்ணிக்கை யார் பெயரையும் கெடுக்கப்போவதில்லையே.

ஜூலை 1520

மிச்சமிருந்தவர்கள் சில நூறு பேர். காயம் படாதவர் இல்லை. பீரங்கி போயிற்று, வெடிமருந்து போயிற்று, குதிரைகளில் இருபது சொச்சம்தான் தேறியது. இந்தக் கும்பல் நொண்டிக்கொண்டு த்லாஸ்காலா எல்லையை நோக்கி வருகிறது. அப்போது தன் மனதில் என்ன ஓடியது என்பதைக் கோர்த்தெஸே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இவ்வளவு பலவீனமாக வருவதைப் பார்த்தால், பழையபடி சுதந்திரமாக இருக்கலாம் என்று த்லாஸ்காலாக்காரர்கள் நம்மைக் கொன்றுவிடுவார்களோ என்று பயந்தோம் என்கிறார். அவ்வளவு நீண்ட கடிதங்களில் நான் முழுசாக நம்புகிற சில வரிகளில் இது ஒன்று.

அதே நாட்களில் டெனோச்டிட்லானிலிருந்தும் தூதர்கள் வந்தார்கள். புதிய அரசர் குயிட்லாவாக் அனுப்பியவர்கள். பின்னால் எழுதப்பட்ட வரலாறுகள் அவர்கள் கொண்டுவந்த பரிசுகளைச் சொல்கின்றன: பருத்தித் துணி, இறகுகள், உப்பு. ஆம், உப்பு! ஒரு தலைமுறைக்கும் மேலாக மறுத்ததை இப்போது தட்டில் வைத்து நீட்டினார்கள். நாம் ஒரே மொழி பேசுகிறவர்கள், இந்த வெளியாட்களை முடித்துவிடுவோம், பழைய பகையை விட்டுவிடுவோம் என்பது செய்தி.

சபை கூடியது. இளைய ஷிகோடென்காட்ல் மெக்சிகர்கள் பக்கம் பேசினார். தொடக்கத்திலிருந்தே ஸ்பானியர்களை நம்பாதவர் அவர், களத்தில் அவர்களோடு மோதியவரும் அவரே. எதிர்ப்பக்கம் ஒகோடெலுல்கோவின் மூத்த தலைவர் மாஷிஷ்காட்சின். வாதம் முற்றி, மாஷிஷ்காட்சின் இளையவரைப் படியிலிருந்து தள்ளிவிட்டதாகவே சொல்கிறார்கள். ஷிகோடென்காட்லின் தந்தை, பார்வை போன கிழவர், அதே சபையில் உட்கார்ந்திருந்தார். அவரும் மகன் பக்கம் நிற்கவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது. மெக்சிகோவின் வீழ்ச்சி எங்கே முடிவானது என்று கேட்டால், வேரா குரூஸ் கரையைச் சொல்ல மாட்டேன், டெனோச்டிட்லான் அரண்மனையையும் சொல்ல மாட்டேன். இந்தச் சபையைத்தான் சொல்வேன். இங்கே வேறு மாதிரி முடிவெடுத்திருந்தால் கோர்த்தெஸ் என்ற பெயர் கரீபியத் தீவுகளின் நீதிமன்றக் கோப்பு ஒன்றில் அடிக்குறிப்பாகப் போயிருக்கும். வேறு ஸ்பானியர்கள் வந்திருப்பார்கள், சந்தேகமில்லை. பெரியம்மை எப்படியும் வந்திருக்கும். ஆனால் 1521-ல் அப்படி ஒரு முடிவு வந்திருக்காது.

அந்தச் சபையில் இருந்தவர்கள் என்ன தெரிந்து முடிவெடுத்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். மெக்சிகர்களை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் கொடுக்கும் வாக்கு எவ்வளவு நாள் நிற்கும் என்பதை அப்பன் பாட்டன் காலத்திலிருந்து பார்த்தவர்கள். ஸ்பானியர்களை ஒரு வருடமாகத் தெரியும். கொடூரமானவர்கள், பேராசைக்காரர்கள், ஆனால் எண்ணிக்கையில் குறைவு, சோற்றுக்கே நம்மை நம்பியிருப்பவர்கள். இந்த இரண்டு பேரில் பின்னால் யாரைச் சமாளிப்பது சுலபம்? அவர்கள் போட்ட கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை. கணக்கில் வராத ஒன்று இருந்தது, அது அந்த அறையில் யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. கடலுக்கு அப்பால் இன்னும் எத்தனை ஆயிரம் பேர் கப்பலுக்குக் காத்திருக்கிறார்கள் என்பது.

சும்மாவும் உதவவில்லை. இனிக் கப்பம் கட்ட மாட்டோம், கொள்ளையில் பங்கு வேண்டும், சோலூலா எங்களுக்கு வேண்டும், டெனோச்டிட்லானில் ஒரு கோட்டை வேண்டும் என்று அப்போதே பேசி வாங்கினோம் என்று பிற்காலத்தில் த்லாஸ்காலாக்காரர்கள் ஸ்பானிய அரசிடம் மனு மேல் மனு போட்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. கோர்த்தெஸ் கடிதத்தில் இந்த நிபந்தனைகளைப் பற்றி மூச்சு இல்லை. இவ்வளவும் அன்றைக்கே பேசியதா, பின்னால் சேர்த்ததா என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். ஆனால் அவ்வளவு பேரம் தெரிந்த மனிதர்கள் அன்றைக்கு எதுவும் கேட்காமல் இருந்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

படகு

டெனோச்டிட்லான் ஏரிக்குள் இருந்த நகரம். படகில்லாமல் அதைப் பிடிக்க முடியாது. எனவே மார்ட்டின் லோபெஸ் என்ற கப்பல் தச்சரைக் கோர்த்தெஸ் த்லாஸ்காலாவுக்கு அனுப்பினார். கடலிலிருந்து பல நாள் நடை தூரத்தில், மலைகளுக்கு நடுவில், 13 போர்ப்படகுகள் உருவாயின. மரம் த்லாஸ்காலா மலைக்காடுகளில் வெட்டியது. பலகை இடுக்கை அடைக்கும் கீல், ஹுவெஷோட்சிங்கோ பக்கத்துப் பைன் மரங்களிலிருந்து காய்ச்சியது. இரும்பும் நங்கூரமும் பாயும் வடமும் எங்கிருந்து வந்தன? அந்த "எரிந்த" கப்பல்களிலிருந்துதான். வேரா குரூஸில் பத்திரப்படுத்திய சாமான்களை ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுமைதூக்கிகள் முதுகில் கட்டி மலையேற்றிக் கொண்டுவந்தார்கள் என்று பெர்னால் தியாஸ் எழுதுகிறார்.

செய்த படகுகளைப் பிரித்து, பலகை பலகையாக, ஏரிக்கரையில் இருந்த டெஸ்கோகோவுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நாடுகளில் சுமை இழுக்கும் விலங்கு கிடையாது, சக்கர வண்டியும் கிடையாது. எல்லாம் மனிதத் தோள். கோர்த்தெஸின் கணக்கில் 8,000 பேர் பலகை சுமந்தார்கள், 2,000 பேர் சாப்பாடு கொண்டுவந்தார்கள், முன்னும் பின்னும் த்லாஸ்காலா வீரர்கள் காவல். ஊர்வலத்தின் தலை டெஸ்கோகோவுக்குள் நுழைந்து வால் வந்து சேர ஆறு மணி நேரம் ஆனதாம். இறகும் நல்ல உடுப்பும் அணிந்து, முரசும் கொம்பும் முழங்க வந்தார்கள். முன்னணியில் யார் போவது என்று த்லாஸ்காலாத் தளபதி ஒருவர் ஸ்பானியத் தளபதியோடு சண்டையே போட்டிருக்கிறார். கூலிக்குச் சுமந்தவர்கள் இப்படி நடந்துகொள்வார்களா? இவர்கள் தங்கள் போருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்புறம் படகுகளை ஏரியில் இறக்க ஒரு கால்வாய் தேவைப்பட்டது. அதை டெஸ்கோகோ வட்டாரத்து ஆட்கள், நாளொன்றுக்கு 8,000 பேர் வீதம், 50 நாட்களில் வெட்டினார்கள். டெஸ்கோகோ யார்? மெக்சிகர்களின் முக்கூட்டணியில் இரண்டாவது பெரிய அரசு. அங்கே அரியணைத் தகராறு. தனக்கு வர வேண்டிய பட்டம் மோக்டெசூமாவின் தலையீட்டால் அண்ணனுக்குப் போனது என்று கொதித்துக்கொண்டிருந்த இளவரசர் இஷ்ட்லில்ஷோசிட்ல், தன் படையோடு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்.

1521 ஏப்ரல் 28 அன்று படகுகள் மிதந்தன. அப்போது ஸ்பானியர்கள், கடல்வழி வந்து சேர்ந்த புதியவர்களையும் சேர்த்து, சுமார் 900 பேர். உள்ளூர்க் கூட்டுப்படைகளின் எண்ணிக்கை பல பத்தாயிரங்கள். த்லாஸ்காலாக்காரர்கள் மட்டும் 50,000-க்கு மேல் என்கிறார் கோர்த்தெஸ். அதில் பாதி மிகை என்று தள்ளினாலும், முற்றுகையிட்ட படையில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்கூட ஸ்பானியர்கள் இல்லை. மெக்சிகர்கள் 75 நாள் தாக்குப்பிடித்தார்கள். குடிநீர்க் கால்வாயைத் துண்டித்தாயிற்று, சோறு இல்லை, அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் பெரியம்மை நகரத்தில் 60 நாள் ஆடிவிட்டுப் போயிருந்தது. குயிட்லாவாக் பட்டமேறி எண்பது நாளில் அதில்தான் போனார். ஆகஸ்ட் 13 அன்று கடைசி அரசர் குவாட்டெமொக் பிடிபட்டார். முடிவு நாட்களில் சரணடைய வந்தவர்களைக்கூடக் கூட்டாளிகள் விட்டுவைக்கவில்லை, தடுக்க என்னால் முடியவில்லை என்று கோர்த்தெஸ் எழுதுகிறார். பழியை அவர்கள் தலையில் போடுகிறார் என்று படிக்கலாம். படையில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேல் இருந்தவர்களை இவரால் கட்டுப்படுத்த முடியவில்லை என்ற ஒப்புதலாகவும் படிக்கலாம். எனக்கு இரண்டும் உண்மை என்றுதான் படுகிறது.

அந்தப் பெரியம்மை த்லாஸ்காலாவையும் விடவில்லை. ஸ்பானியர்களைக் காப்பாற்றிய மாஷிஷ்காட்சின் 1520 முடிவதற்குள் செத்தார். எதிர்த்த ஷிகோடென்காட்லை, முற்றுகை தொடங்கும் முன் படையைவிட்டுப் போனார் என்று சொல்லிக் கோர்த்தெஸ் தூக்கில் போட்டார். வாதத்தின் இரு பக்கமும் ஒரு வருடத்துக்குள் முடிந்துபோயிற்று. நோய் இன்னொரு வேலையும் செய்தது, அதைப் பலர் கவனிப்பதில்லை. வட்டாரம் முழுக்க ஊர்த்தலைவர்கள் அம்மையில் செத்து விழுந்தபோது, அடுத்த வாரிசு யார் என்ற தகராறுகளைத் தீர்க்கச் சொல்லி ஊர் ஊராகக் கோர்த்தெஸிடம் வந்தார்கள். மாஷிஷ்காட்சினின் சிறுவயது மகனைப் பட்டத்துக்கு ஒப்புதல் செய்ததும் அவரே. விருந்தாளியாக வந்தவர் பட்டம் கட்டுகிறவராக மாறியது அங்கேதான், ஒரு குண்டும் வெடிக்காமல்.

துரோகிகள்?

இன்றைய மெக்சிகோவில் த்லாஸ்காலா மிகச் சிறிய மாநிலம். "த்லாஸ்காலா என்று ஒன்று இருக்கிறதா என்ன?" என்று மற்ற மாநிலத்துக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். இருக்கிறது என்றே மாநில அரசு சுற்றுலா வாசகம் வைத்திருக்கிறது. கிண்டலோடு நிற்பதில்லை, நாட்டைக் காட்டிக்கொடுத்தவர்கள் என்ற பழிச்சொல்லும் உண்டு. இதில் எனக்கு உடன்பாடில்லை. 1520-ல் காட்டிக்கொடுக்க மெக்சிகோ என்று ஒரு நாடே இல்லை. த்லாஸ்காலாவின் நாடு த்லாஸ்காலாதான், அதற்கு அவர்கள் துரோகம் செய்யவில்லை. பிற்காலத்து எல்லைக்கோட்டை வரைந்துவிட்டு, அதை மீறினார்கள் என்று முந்தைய காலத்தவரைக் குற்றம் சாட்டுவது நியாயமில்லை.

இப்படிச் சொன்னதும் இன்னொரு சங்கடம் வந்து நிற்கிறது. ஐந்நூறு பேர் கதையை உடைத்து, முடிவெடுத்தவர்கள் இவர்கள்தான் என்று சொல்லும்போது, அதற்குப் பிறகு வந்த சாவுக்கும் அடிமைத்தனத்துக்கும் இவர்களையே பொறுப்பாக்குகிறேனா? "பாருங்கள், அவர்களே அவர்களை அழித்துக்கொண்டார்கள், ஐரோப்பியர்கள் என்ன செய்வார்கள்" என்று ஆரம்பிக்க ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். இணையத்தில் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன், அதற்குத் தீனி போட எனக்கு விருப்பமில்லை. டெனோச்டிட்லானை வீழ்த்த வேண்டும் என்பது த்லாஸ்காலாவின் முடிவு. அதற்கு அவர்கள் பொறுப்பு, நகரத்தில் செய்த கொலைகளுக்கும் பொறுப்பு. ஊர்களையும் அவற்றின் மக்களையும் ஸ்பானியப் பிரபுக்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தது, சுரங்கங்களுக்கு ஆள்பிடித்தது, சுவடிகளை எரித்தது, ஊர்களைக் கலைத்து வேறு இடத்தில் குடியேற்றியது எல்லாம் ஸ்பானிய ஆட்சியின் முடிவுகள், மன்னரின் முத்திரையோடு வந்தவை. 1545-லும் 1576-லும் வந்த பெருங்கொள்ளைநோய்கள் அப்படி நொறுங்கிக்கிடந்த மக்களைத் தாக்கின. ஒரு நூற்றாண்டுக்குள் மத்திய மெக்சிகோவின் மக்கள்தொகை பத்தில் ஒன்றாகச் சுருங்கியது என்பது பல ஆய்வாளர்களின் மதிப்பீடு. அந்தக் கணக்கில் த்லாஸ்காலாவும் அடக்கம்.

வென்றபின் கூட்டாளிகளுக்குக் கிடைத்தது என்ன என்று பார்க்கப் பக்கத்து ஊர் ஹுவெஷோட்சிங்கோ நல்ல இடம். கீல் காய்ச்சப் பைன் மரம் கொடுத்த ஊர். முற்றுகையிலும் ஸ்பானியர்களோடு நின்றவர்கள். 1560-ல் அவர்களுடைய நகரசபை, மன்னர் இரண்டாம் பிலிப்புக்கு நாவாட்ல் மொழியில் ஒரு கடிதம் எழுதியது. நாங்கள் யாரும் கட்டாயப்படுத்தாமல் தானாக வந்து உங்களோடு சேர்ந்தோம், சோறு போட்டோம், காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்தோம், படகு செய்ய உதவினோம் என்று அடுக்குகிறார்கள். த்லாஸ்காலாக்காரர்களாவது முதலில் உங்களோடு சண்டை போட்டார்கள், நாங்கள் அதுவும் இல்லை என்று பக்கத்து ஊரைப் போகிற போக்கில் ஒரு குத்தும் குத்துகிறார்கள். பிறகு விஷயத்துக்கு வருகிறார்கள்: எங்கள் மேல் 14,800 பேசோ வரி போட்டிருக்கிறார்கள், அதோடு சோளம் வேறு, இப்படிப் போனால் ஊரே அழிந்துபோகும். அந்தக் கடிதத்தைப் போல என்னை உலுக்கியது அந்தக் காலத்துக் கண்ணீர்க் கதைகளில் வேறெதுவும் இல்லை. அழுகைக்கு நடுவிலும் போட்டி ஊரை மறக்காத மனிதர்களை, வெறும் பலியாடுகளாக எனக்குப் பார்க்க முடியவில்லை.

த்லாஸ்காலா இன்னும் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டது. எந்த ஸ்பானியப் பிரபுவுக்கும் பங்காகப் போகாமல், நேராக மன்னருக்குக் கட்டுப்பட்ட ஊராகத் தப்பியது. தன் மொழியிலேயே சபைக் குறிப்புகள் எழுதிவைத்தது. 1553-ல் அந்தச் சபையின் கவலையைப் பாருங்கள்: கள்ளிச்செடியில் சாயப்பூச்சி வளர்த்துச் சாதாரண ஜனங்கள் பணக்காரர்களாகிவிட்டார்கள், கொக்கோ குடிக்கிறார்கள், பெரியவர்களை மதிப்பதில்லை, வயலைக் கவனிப்பதில்லை! உலகமே தலைகீழானாலும் ஊர்ப் பெரியவர்களின் புலம்பல் மாறுவதில்லை போல. அதே காலத்தில், 1552 வாக்கில், போரில் தங்கள் பங்கை எண்பதுக்கும் மேற்பட்ட காட்சிகளாகப் பெரிய துணியில் வரையவைத்தார்கள். மூலம் தொலைந்துவிட்டது, பிற்காலப் படிகள்தான் நம்மிடம் இருக்கின்றன. அதில் காட்சிக்குக் காட்சி ஸ்பானியர்களோடு தோளோடு தோளாக, இறகுக் கொடியோடு த்லாஸ்காலா வீரர்கள் நிற்கிறார்கள். கோர்த்தெஸ் தன் தரப்பைக் கடிதமாக எழுதினார், இவர்கள் துணியில் வரைந்தார்கள். இதுவும் மனுதான். சண்டையை நடத்திய இளைய ஷிகோடென்காட்லின் எதிர்ப்பை அதில் தேடினால் கிடைக்காது. மன்னருக்குக் காட்டும் படத்தில் அதை யார் போடுவார்கள்?

1524-ல் அல்வராதோவோடு குவாத்தமாலா போன படையிலும் த்லாஸ்காலாக்காரர்கள் இருந்தார்கள். 1591-ல் இன்னொரு பயணம். வடக்கே வெள்ளிச் சுரங்கப் பாதைகளில் சிச்சிமெக்குகள் என்ற பழங்குடிகள் பல ஆண்டுகளாக ஸ்பானியர்களை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அடக்க முடியாத வைஸ்ராய், 400 த்லாஸ்காலாக் குடும்பங்களை அங்கே குடியேறக் கேட்டார். போக மனமில்லாதவர்கள் பலர். போனவர்கள் இந்த முறை வாய்வார்த்தையை நம்பவில்லை. பேசியதை எழுத்தில் வாங்கினார்கள்: தலைமுறை தலைமுறையாகப் பிரபு அந்தஸ்து, வரி கிடையாது, குதிரையில் சேணம் போட்டு ஏறலாம், ஆயுதம் வைத்துக்கொள்ளலாம். அதோடு இன்னொன்றும்: எங்கள் குடியிருப்பு ஸ்பானியர்களின் குடியிருப்போடு கலக்காமல் தனியாக இருக்க வேண்டும். அப்படி எழுந்த ஊர்களில் ஒன்று சால்டியோ நகரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு ஊரும் தண்ணீருக்கும் நிலத்துக்கும் வழக்காடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வழக்கிலும் த்லாஸ்காலாக்காரர்கள் அந்த 1591 காகிதத்தை எடுத்து நீட்டினார்கள்.